மூன்றாவது வளைவின் இடப்பக்கம்

ஜனவரி 3, வெள்ளி

சுபத்ரா இன்று எங்களுக்கு ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். காருக்கு அன்றன்றைக்கு என்ன செய்தோம், என்ன மாற்றினோம், மனதில் என்ன பட்டது, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத வேண்டுமாம்.

"ஞாபகத்துல வெச்சுக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்ண்ணா. ஓட்டறவர் எழுதறதுதான் எனக்கு முக்கியம்" என்றாள்.

ஆரோக்கியராஜ் தன் நோட்டை வெல்டிங் மேசையில் போட்டு அதன்மேல் டீ டம்ளரை வைத்தான். நான் என்னுடையதை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

வேறு யாராவது படிக்க நேர்ந்தால் புரிய வேண்டுமே என்று எங்களைப் பற்றி எழுதி வைக்கிறேன். நான் மருதாசலம். வயது ஐம்பத்தொன்று. சிங்காநல்லூரில் பிரேக் வேலை செய்யும் கடை வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருடமாக ரேஸ் ஓட்டுகிறேன். ஆரோக்கியராஜ் என் நண்பன். இரும்புக் குழாயை அவன் வளைத்து வெல்டு வைத்தால் தேடிப் பார்த்தாலும் இணைப்பு தெரியாது. சுபத்ரா என்ஜினியர், முப்பத்து மூன்று வயது. அவளும் நான்கு வருடம் ரேஸ் ஓட்டியவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், தான் வரைந்த ஒரு காரின் படத்தைச் சுருட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். அந்தப் படம் இப்போது சின்னியம்பாளையத்தில் ஒரு பழைய தறி ஷெட்டுக்குள் நான்கு சக்கரத்தில் நிற்கிறது. ஒற்றை ஆள் உட்காரும் கார். பைக் என்ஜின். கதவு கிடையாது, கூரை கிடையாது.

வரும் 25ஆம் தேதி ட்ராக்கில் முதல் ஓட்டம். அதன்பிறகு பந்தயம் நடத்துபவர்களின் ஆய்வாளர் முன்னால் நடுவில் நிற்காமல் இருபது சுற்று ஓடிக் காட்டினால்தான் மார்ச் பந்தயத்தில் சேர்ப்பார்கள்.

ஜனவரி 6, திங்கள்

இருக்கை செய்தோம். குப்பைக்குப் போடும் பெரிய பிளாஸ்டிக் பையைக் காருக்குள் விரித்து, இரண்டு ரசாயனங்களைக் கலந்து ஊற்றி, அதன்மேல் நான் உட்கார வேண்டும். நுரை பொங்கி என் முதுகின் வடிவத்துக்கு இறுகும். பதினைந்து நிமிடம் அசையக் கூடாது. முதுகெல்லாம் சூடு.

"என்றா, இட்லிக் குண்டான்ல உக்காந்த மாதிரி இருக்குதா?" என்றான் ஆரோக்கியராஜ். நான் சிரித்தால் வடிவம் கெட்டுவிடும் என்று சுபத்ரா அவனை வெளியே அனுப்பிவிட்டாள்.

இறங்கும்போது இடப்பக்கம் இருந்த நட்டுத் தட்டு காலில் பட்டுக் கொட்டியது. நடக்கிற வழியில் தட்டை வைப்பது ஆரோக்கியராஜின் பழைய பழக்கம்.

மாலை வீட்டுக் கேட்டில் என் சொந்தக் காரின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்தது. எதிர்வீட்டுக்காரர் பைக்கைத் தாறுமாறாக நிறுத்தியிருந்தார், அதற்கு ஒதுங்கியதில் தூண் உரசிவிட்டது. கோகிலா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். கோகிலவாணி என் மனைவி. ஒன்றும் சொல்லாமல் போகிற ஆள் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

என்ஜின் முதல் தடவையே பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். பக்கத்து ஷெட்டில் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரோக்கியராஜோடு ஷட்டில் ஆடுவது வழக்கம். இன்று 21–9 என்று தோற்றேன். ஜன்னல் வெளிச்சம் நேராக என் பக்கம் விழுகிறது. பந்து எங்கிருந்தோ திடீரென்று முளைக்கிறது. இடம் மாறி ஆடலாம் என்றேன். மாறினோம். 21–8.

ஜனவரி 14, செவ்வாய்

ஷெட் வாசலிலேயே பொங்கல் வைத்தோம். காரின் மூக்கில் மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும் என்று கோகிலா நின்றாள். "பெயின்ட் போயிருமுங்க்கா" என்று சுபத்ரா பதறினாள். கடைசியில் ஸ்டியரிங் நடுவில் வைத்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சுபத்ரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, 25ஆம் தேதி நானும் ஒரு நாலு சுத்து ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

"எதுக்குமா? என் முதுகுக்குத்தான சீட்டு செஞ்சிருக்குது?"

"இல்லீங்ண்ணா, சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கிற பெண் இல்லை அவள். ஆனால் புதுக் கார் ட்ராக்கில் முதலில் எப்படி நடந்துகொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு அனுபவம் வேண்டும்.

ஜனவரி 20, திங்கள்

ட்ராக்கில் கேட்கும் மருத்துவச் சான்றிதழுக்காக ஒரு கண் மருத்துவமனைக்குப் போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தேன். அங்கிருந்த பெண்ணே, "இந்த வயசுல இப்படிப் படிக்கறவங்க கம்மிங்க சார்" என்றாள்.

அதன்பிறகு கண்ணுக்குள் காற்று அடித்து எதையோ அளந்தார்கள். டாக்டரம்மா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, இன்னொரு பரிசோதனை இருக்கிறது, ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும், அரைமணி நேரம்தான், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். கடையில் ஆள் காத்திருக்கிறது என்று வந்துவிட்டேன். ஆள் யாரும் காத்திருக்கவில்லை. இதைக் கோகிலாவிடம் சொல்ல வேண்டியதில்லை.

சான்றிதழ் நம் குடும்ப டாக்டர் கொடுத்துவிட்டார். எழுத்துப் பலகையைத்தான் அவரும் பார்ப்பார்.

ஜனவரி 24, வெள்ளி

ஹெல்மெட் கண்ணாடியை நான்கு தடவை துடைத்தேன். அழுக்கு இல்லை.

ஜனவரி 25, சனி

ஆறரைக்கே ட்ராக்கில் இருந்தோம். தார்மேல் இன்னும் பனி ஈரம். காரை லாரியிலிருந்து தள்ளி இறக்கியபோது ஆரோக்கியராஜ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து.

முதல் சுற்று நடக்கிற வேகத்தில். உள்ளே, காரை நிறுத்தும் இடத்துக்கு வந்து எல்லா நட்டையும் சோதித்தோம். தண்ணீர்க் குழாயில் சிறு கசிவு, கிளிப்பை இறுக்கினதும் நின்றது. மறுபடி மூன்று சுற்று. மறுபடி சோதனை. எட்டரை மணிக்குச் சுபத்ரா கட்டைவிரலைக் காட்டினாள்.

எத்தனையோ கார் ஓட்டியிருக்கிறேன். அவையெல்லாம் நான் சொல்வதைக் கேட்ட பிறகு திரும்பின. இது நான் நினைக்கும்போதே திரும்பியது. ஐந்தாவது வளைவில் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது என்று எழுதினால் சுபத்ரா படித்துவிடுவாள், பரவாயில்லை.

பதினோராவது சுற்றோடு நிறுத்திக்கொண்டோம். காரில் குறை எதுவும் இல்லை.

ஆரோக்கியராஜ் லாரியில் எங்களோடு வரவில்லை. பஸ்ஸில் போய்விட்டான்.

ஜனவரி 26, ஞாயிறு

ஷட்டில் இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். காரின் ஓட்டத்தில் குறை இல்லை என்பது உண்மை. மிச்சத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பத்தாவது சுற்றில் காரின் இடப்பக்கத் தகடு ஒன்று கழன்று மூன்றாவது வளைவில் விழுந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. அடுத்த சுற்றில் நான் அந்த வளைவை நெருங்கும்போது இடப்பக்கம் நின்ற ஆள் சிவப்புக் கொடியை ஆட்டியிருக்கிறார். சிவப்புக் கொடி கண்டால் ஓட்டத்தை நிறுத்தி மெதுவாக உள்ளே வர வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒரு கொடியையும் நான் மீறியதில்லை. அதை நம்பித்தான் ஆரோக்கியராஜ் தகட்டை எடுக்க ட்ராக் ஓரத்தில் கால் வைத்தான்.

நான் வேகத்தைக் குறைக்கவே இல்லை. சக்கரத்துக்கு அடியில் ஏதோ நொறுங்கியது மட்டும் கேட்டது. என் நண்பன் மண்ணில் குதித்து உருண்டதை நான் பார்க்கவில்லை. உள்ளே வந்து, முழங்கை முழுக்க ரத்தத்தோடு அவன் நடந்து வருவதைப் பார்த்து, "எங்கடா விழுந்தே?" என்று கேட்டேன். அவன் தன் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.

காரில் சுபத்ரா ஒரு கேமரா வைத்திருந்தாள். எல்லாரும் போன பிறகு லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். கொடி நன்றாகத் தெரிகிறது. நான்கு விநாடி ஆட்டுகிறார். ஆரோக்கியராஜின் நீலச் சட்டை தெரிகிறது, அவன் கையை வீசிக் கத்துவது தெரிகிறது.

"அண்ணா, இது எப்ப இருந்துங்க?"

"எது?"

படத்தை அந்த நீலச் சட்டையிலேயே நிறுத்தி வைத்துவிட்டுப் போய் லாரியில் கயிறு கட்ட ஆரம்பித்தாள்.

ஜனவரி 30, வியாழன்

கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மின்னினால் அமுக்க வேண்டும். இடது கண்ணுக்கு வந்தபோது வெகுநேரம் ஒன்றும் மின்னவில்லை. மிஷின் நின்றுபோய்விட்டதா என்று கேட்டேன். "ஓடிட்டேதாங்க சார் இருக்குது" என்றாள் அந்தப் பெண்.

டாக்டரம்மா தாளைக் காட்டினார். இடது கண்ணின் படத்தில் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு. வலது கண்ணில் மூக்குப் பக்கமாகக் கறுப்பு லேசாகத் தொடங்கியிருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிடுகிற நோயாம். வலிக்காது. நேர்ப்பார்வை கடைசி வரை இருக்கும் என்பதால் எழுத்துப் பலகையில் பிடிபடாது.

"போனது திரும்பி வருமுங்களா?"

"வராதுங்க. ஆனா இருக்கறதக் காப்பாத்தலாம். வலது கண்ணு நல்ல நிலைமைலதான் இருக்குது. தினமும் ரெண்டு வேளை சொட்டு மருந்து, தவறாம வரோணும், அவ்வளவுதான்." பிறகு கேட்டார்: "வண்டி ஓட்டறீங்களா?"

ஓட்டுகிறேன் என்றேன். என்ன வண்டி என்று சொல்லவில்லை. பிறகு சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இனிமே வேண்டாங்க" என்றார். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கோகிலாவிடம் தாளைக் கொடுத்தேன்.

"ஆறேழு மாசமா உங்க டம்ளர வலது பக்கமாத்தானுங்க வெக்கறேன்" என்றாள்.

"தெரிஞ்சுட்டு ஏன் சொல்லலே?"

"ரெண்டு தடவ கண்ணு டாக்டருகிட்டப் போலாம்னேன். எரிஞ்சு விழுந்தீங்க. அதுக்கப்பறம் எனக்குப் பயம்."

"கண்ணு போயிருமுன்னா?"

"இல்லீங்க. ஓட்டறத விட்டா நீங்க என்னவா இருப்பீங்கன்னு." சொட்டு மருந்தின் மூடியைத் திருகினாள். "நானும் தப்புப் பண்ணிட்டேன். ஆரோக்கியராஜ் அண்ணனுக்கு என்னமாச்சும் ஆயிருந்தா?"

முதல் சொட்டு மருந்தை அவள்தான் விட்டாள். எரிந்தது.

பிப்ரவரி 1, சனி

ஷெட்டுக்குப் போனேன், பஸ்ஸில். தாளை மேசைமேல் வைத்துச் சொல்லிவிட்டேன். சுபத்ரா தலையைக் குனிந்துகொண்டாள். ஆரோக்கியராஜ் முழங்கைக் கட்டோடு எதிரில் நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெரியாம ஓட்டுனயா, தெரிஞ்சு ஓட்டுனயா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். நம்பத்தான் காத்திருந்தான்.

"பாதி தெரியும்டா" என்றேன். "மீதியத் தெரிஞ்சுக்காம இருந்துட்டேன்."

அவன் வெல்டிங் முகமூடியை ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனான். வெகுநேரம் பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தத்துக்காகக் காது கொடுத்தேன். கேட்கவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான் என்று சுபத்ரா எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

"ஆய்வாளர் 15ஆம் தேதி வராருங்ண்ணா" என்றாள் மெதுவாக. "வேற ஆளு யாரையாச்சும் கேக்கட்டுங்களா?"

"எதுக்கு வேற ஆளு? நீதான் ஓட்டோணும்."

"நான் ஓட்டி மூணு வருசமாச்சு."

"பொங்கல் அன்னைக்கு நாலு சுத்து கேட்டயே. அப்பவே குடுத்திருக்கோணும்."

பிப்ரவரி 5, புதன்

என் இருக்கையைக் காரிலிருந்து நானே பிய்த்து எடுத்தேன். சுபத்ரா என்னைவிட அரை அடி குள்ளம், பெடலுக்குக் கால் எட்டவில்லை. பெடல்களை அவள் பக்கமாக நகர்த்த ஆரோக்கியராஜ் புதிதாக ஒரு தாங்கி செய்தான். அவன் வேலைக்கு வருகிறான். என்னோடு பேசுவதில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றால் சுபத்ராவிடம் கேட்கிறான், அது என் கையில் இருந்தாலும்.

புது இருக்கைக்கு நுரையை நான் கலந்து ஊற்றினேன். "அசையாத, பதினஞ்சு நிமிசம்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய இருக்கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்தேன். யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது. குப்பை லாரியில் போட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

சுபத்ராவோடு ட்ராக்கின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம். நான் ஒன்று சொன்னால் அவள் வேறொன்று சொல்கிறாள். ஐந்தாவது வளைவில் நான் சொல்கிற இடத்துக்கு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும் என்கிறாள். கணக்குப் போட்டுக் காட்டினாள். அவள் சொல்வதுதான் சரி. இருபத்தாறு வருடம் அங்கே தப்பாகப் பிடித்திருக்கிறேன். எரிச்சலாக இருந்தது, பிறகு சிரிப்பு வந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

ரேடியோ பொருத்தியாயிற்று. வெளியிலிருந்து அவளோடு பேசப் போவது நான்.

பிப்ரவரி 15, சனி

ஆய்வாளர் கண்டிப்பான மனிதர். தொப்பி, கையில் தாள் அட்டை. "இருபது சுத்து. நடுவுல உள்ள வந்தா மறுபடி ஒண்ணுல இருந்துதான். பன்னண்டு மணி வரைக்கும்தான் எனக்கு நேரம்" என்றார்.

பத்து மணிக்குச் சுபத்ரா கிளம்பினாள். முதல் இரண்டு சுற்று தயங்கினாள். மூன்றாவதிலிருந்து கார் அவளுடையதாகிவிட்டது. நான் ஒரு காதில் மட்டும் ஹெட்போனோடு, மூன்றாவது வளைவுக்குப் பக்கத்துச் சுவரோரம் நின்றேன். ஆரோக்கியராஜ் பத்தடி தள்ளி நின்றான், கையைக் கட்டிக்கொண்டு.

பதிமூன்றாவது சுற்றில் மூன்றாவது வளைவுக்குள் அவள் கியரைக் குறைத்தபோது ஒரு சத்தம். டக் என்று, என்ஜின் சத்தத்துக்கு அடியில். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில். இந்தத் தடவை இரண்டு டக்.

"சுபா, கீழ்க் கியர் போடும்போது பின்னாடி என்னமாச்சும் தட்டுதா?"

"இல்லீங்ண்ணா. நல்லாத்தான் போகுது."

இன்னும் ஆறு சுற்றுதான். உள்ளே கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. நேரம் பத்தரை. ஆய்வாளருக்கு ஒன்றும் கேட்கவில்லை, சுபத்ராவுக்குத் தெரியவில்லை. எனக்கும் கேட்கவில்லை என்று இருந்துவிட முடியும். அப்படி இருப்பது எனக்கு எவ்வளவு சுலபம் என்று எனக்குத்தான் தெரியும்.

"உள்ள வா" என்றேன்.

"அண்ணா, ஆறு சுத்துதானுங்க..."

"உள்ள வாம்மா. இப்பவே."

கார் நின்றதும் ஆரோக்கியராஜ் பின்மூடியைக் கழற்றினான். செயினை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டின் நட்டு கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. செயின் தொளதொளவென்று ஆடியது. அவன் அதை விரலால் தூக்கிப் பார்த்தான். பிறகு சுபத்ராவின் முதுகைப் பார்த்தான். செயின் அறுந்தால் நேராகப் போய் அடிக்கிற இடம் அது.

"இது உனக்குக் கேட்டுச்சா?" என்றான். பதினான்கு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"கேட்டுச்சு."

"ம்." டார்ச்சை என்னிடம் நீட்டினான். "லைட்டப் புடி. எனக்கு இடது பக்கமா வந்து நில்லு, அப்பத்தான் உனக்கும் தெரியும்."

செயினைச் சரியான அளவுக்கு இழுத்து, புது நட்டுப் போட்டு, கம்பியால் கட்டியும் வைத்தான். பதினொன்று ஐந்துக்குச் சுபத்ரா மறுபடி கிளம்பினாள். ஒன்றிலிருந்து.

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சத்தம் சுத்தமாக இருந்தது. அதனால் சும்மா நின்று பார்த்தேன். தலையை முழுக்க இடப்பக்கம் திருப்பி, கார் வரும்போதிலிருந்து, போய் மறையும் வரைக்கும். எத்தனையோ பந்தயம், எத்தனையோ கார். எல்லாவற்றிலும் நான் உள்ளேதான் இருந்திருக்கிறேன். நான் கட்டிய ஒரு கார் என்னைக் கடந்து போவதை ஒரு தடவையும் பார்த்ததில்லை. நாங்கள் மூன்று பேர் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தது தரையோடு தரையாக வந்து, மூக்கை வளைவுக்குள் நுழைத்து, கொஞ்சமும் தடுமாறாமல் வெளியே வந்து, வெயிலில் சிவப்பாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறது.

பதினொன்று ஐம்பதுக்கு இருபதாவது சுற்று முடிந்தது. ஆய்வாளர் தாளில் கையெழுத்துப் போட்டார். சுபத்ரா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, வியர்வையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"எப்படீங்ண்ணா இருந்துச்சு?"

அதுவரை அந்தக் கேள்வியை எல்லாரும் என்னிடம்தான், நான் இறங்கும்போதுதான் கேட்பார்கள். ஆரோக்கியராஜைப் பார்த்தேன். அவனும் பதிலுக்காகத்தான் காத்திருந்தான்.

"இவ்வளவு அழகா இருக்கும்னு யாருமே எனக்குச் சொல்லலியே" என்றேன்.